முப்பத்தோரு முகங்களும் ஒரு மாஸ்க்கும்

"இதுல நர்ஸம்மா எங்கப்பா?"

அரிகிருஷ்ணன் கேட்டதும், பேனர் கடை ஆதவன் கம்ப்யூட்டர் திரையின் நடுவே விரலை வைத்துக் காட்டினான். பத்தடிக்கு ஆறடி பேனர். மேலே 'செவிலியர் தின வாழ்த்துகள்'. கீழே, கை கூப்பியபடி முப்பத்தோரு பேர். நடுவில் தங்க நிற வட்டத்துக்குள் ஜெஸிமா சிஸ்டர். ஆனால் மூக்கும் இல்லை, வாயும் இல்லை. கொரோனா காலத்துப் படம். நீல மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தன.

"கொள்ளையடிக்க வந்தவங்க மாதிரி இருக்குதுடா."

"நீ அனுப்புன போட்டோ அதான். வேற வெச்சிருக்கியா?"

வேறு இல்லை. சிஸ்டர் பன்னிரண்டு வருடமாக அந்தத் தெருவுக்கே ஊசி போட்டவர். ஆனால் ஒருவர் போனிலும் அவர் முகம் கிடையாது. ஊசி போடும்போது யார் போட்டோ எடுப்பார்கள்? எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டல்லவா இருப்பார்கள்.

"அந்த மாஸ்க்க மட்டும் எடுத்துட முடியாதா? கம்ப்யூட்டர்லதான் எல்லாம் பண்றீங்களே."

"எடுத்துடலாம். உள்ள யார் மூஞ்சி வரும்னு நான் கேரண்டி தர முடியாது."

மாஸ்க்கே இருக்கட்டும் என்று அரிகிருஷ்ணன் ஒப்புக்கொண்டான். அவனுக்கு நேரம் இல்லை. பெங்களூரில் ஒரு குடோனில் வேலை. இரண்டு நாள் லீவில் செஞ்சிக்கு வந்திருந்தான். இன்று இரவு ஒன்பது மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். அதற்குள் விழா முடிய வேண்டும்.

விழாவுக்குக் காரணம் அவன் நைனா தங்கராசுவின் வலது கால். நெல் கமிட்டியில் எடை போடும் தங்கராசுவின் காலில் பொங்கல் சமயத்தில் தராசுக் கல் விழுந்தது. புண் ஆறவே இல்லை. ஜெஸிமா சிஸ்டர் தினமும் வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டார். இருபத்தோரு நாள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை போன் போட்டுப் புலம்பிய அரிகிருஷ்ணனுக்கும் அவர்தான் ஆறுதல் சொன்னார்.

இதில் ஒரே ஒரு குறை. தங்கராசு காலை நீட்டுவாரே தவிர, கையை நீட்ட மாட்டார். சர்க்கரை டெஸ்டுக்கு விரலைக் கேட்டால் முஷ்டியை மடக்கி லுங்கிக்குள் ஒளித்துக்கொள்வார்.

"டெஸ்ட் எடுக்காத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. எடுத்தாதான் எல்லாம் வரும்" என்பது அவருடைய மருத்துவக் கொள்கை.

"கால கெடுத்துக்கிட்டு இன்னா பேச்சு நைனா இது?" என்று போனில் கத்திக் கத்தி அரிகிருஷ்ணனுக்குத்தான் தொண்டை கட்டியது.

நைனாவைத் திருத்த முடியவில்லை. நன்றியாவது செலுத்தலாம் என்று முடிவு செய்தான். செவிலியர் தினத்தன்று சாயங்காலம் சிஸ்டரைக் கூப்பிட்டு, கல்யாண சோஃபாவில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, ஜிலேபி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சாயங்காலம் அந்த அம்மா எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

பேனரில் யார் யார் படம் போடுவது என்பதில்தான் அவனுக்கு முதல் பயம் வந்தது. செஞ்சியில் சொத்துத் தகராறு கூட ஒரு தலைமுறையில் தீர்ந்துவிடும். பேனரில் படம் விட்டுப்போனால் தீராது. ஊரில் இல்லாதவனுக்கு யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று எப்படித் தெரியும்?

அந்தச் சிக்கலைத் தீர்த்தது செல்லம்மாள். துணை சுகாதார நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. தெருவில் எல்லோருக்கும் அத்தை.

"லிஸ்ட்டு தான? நான் வாங்கியாறேன்" என்றவள், அன்று சாயங்காலமே நீள ரூல் போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வரிசை எண், பெயர், வயது, கதவு எண், போன் நம்பர். முத்து முத்தான கையெழுத்து.

அரிகிருஷ்ணன் அசந்துபோனான். "வயசு இன்னாத்துக்கு அத்த?"

"பெரியவங்க படத்த மேல போட வேணாமா? அறிவு இருக்குதா உனக்கு?"

இருந்த கொஞ்சமும் வெட்கப்பட்டது. லிஸ்ட்டில் முதல் பெயரே தங்கராசு. முப்பத்தோரு பேருக்கும் போன் போட்டு, "நர்ஸம்மா விழா பேனர்ல உங்க போட்டோ வருது" என்று சொன்னான். ஒருவர் கூட மறுக்கவில்லை. டீக்கடை ஜகபர் அலி மட்டும், "எந்த நர்ஸம்மா?" என்று கொஞ்சம் தயங்கினார். "பேனர் இன்னா சைஸு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவரும் கூலிங்கிளாஸ் போட்ட படம் ஒன்றை அனுப்பிவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, கோட்டைப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்த வேளையில், தெருமுனையில் பந்தல் போட்டுப் பேனரைக் கட்டினார்கள். கட்டிய அடுத்த நிமிடம் நெடுமாறன் வாத்தியார் குடையோடு வந்து நின்றார். ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆகியும் தெருவில் எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றும் பார்வை.

"அரி, என் படம் எங்கடா?"

அரிகிருஷ்ணன் பேனரைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். இரண்டிலும் வாத்தியார் இல்லை.

"சார், அது வந்து..."

"இந்தத் தெருவுலயே அந்தப் பொண்ணுக்கு மரியாத குடுக்கிறவன் நான் ஒருத்தன்தான். மாசம் பொறந்தா மொத ஆளா போயி பிரஷர் மாத்திரை வாங்குறேன். என்ன வுட்டுட்டே. அந்தப் பொண்ணோட ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே ஷட்டர சாத்துற ஜகபர் பாய்க்கு கூலிங்கிளாஸ் போட்டு, கை கூப்பி, இவ்ளோ பெரிய மூஞ்சியா?"

"லிஸ்ட்டுல பேரு இல்ல சார்."

"நான் லிஸ்ட்டுலயே இல்லியா?" வாத்தியார் குடையை மடக்கித் தரையில் ஊன்றினார்.

அரிகிருஷ்ணனுக்கு வேர்த்தது. சமாளிக்க ஒரே வழி. "உங்க படம் ஏன் இல்லன்னா சார், நீங்கதான் வரவேற்புரை. மைக்கே உங்க கையிலதான்."

வாத்தியார் முகம் மலர்ந்தது. பையிலிருந்து நான்காக மடித்த தாள் கட்டு ஒன்றை எடுத்தார். பதினாலு பக்கம். ஏதாவது ஒரு விழாவில் யாராவது ஒருவர் கேட்பார் என்று ஆறு வருடமாக வைத்திருந்தது போலிருந்தது.

சரி, இனி சிஸ்டரை அழைக்க வேண்டியதுதான். அரிகிருஷ்ணன் சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

ஜெஸிமா சிஸ்டர் ரெஜிஸ்டரிலிருந்து தலை நிமிரவில்லை. "விழாவா? எனக்கு எங்கப்பா நேரம்? இந்த மாசக் கணக்கு முடியல. இன்னும் கொஞ்சம் பேரு பாக்கி இருக்காங்க. வீடு வீடா போவணும்."

"சிஸ்டர், பேனர் கட்டியாச்சு. சோஃபா வந்துடுச்சு. நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும்."

"சும்மா உக்கார எனக்குத் தெரியாதுப்பா. நீ நல்லா இரு. போ."

வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துடைப்பத்தோடு வந்த செல்லம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்குப் போயி ஏண்டா டென்ஷன் ஆவுற? விழான்னு கூப்ட்டா வர மாட்டாங்க. யாருக்காவது மயக்கம்னு சொல்லு, செருப்பு போடாம ஓடியாருவாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா அத்த?"

"உங்க நைனாவ செத்த நேரம் படுக்க வை. அவங்க வந்ததும் எழுந்து பொன்னாடை போத்தட்டும். இதுல இன்னா பொய்யி?"

அரிகிருஷ்ணனுக்கு அது சரியாகவே பட்டது. தவறு அங்கேதான் நடந்தது. தங்கராசுவிடம் 'படுத்துக்கொள்' என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். 'நடி' என்று சொல்லிவிட்டான். திரௌபதை அம்மன் திருவிழாக் கூத்தில் ஒன்பது வருடம் துரியோதனன் வேஷம் கட்டிய மனிதரிடம் அப்படிச் சொல்லலாமா?

"எப்டி விழணும்? தொடையில அடிபட்டு விழறதா, சும்மா விழறதா?"

"சும்மா மயக்கம் நைனா. சத்தமே வேணாம்."

"சத்தம் இல்லாம விழுந்தா எவன் பாப்பான்?"

நாலரை மணிக்கு, பந்தலுக்கு நடுவே, தங்கராசு மூன்று சுற்றுச் சுற்றி, மார்பில் ஓங்கி அறைந்து, "ஐயோ!" என்று தெருவே அதிரும்படி விழுந்தார். விழுந்தவர், சாகக் கிடக்கும் துரியோதனன் மாதிரி ஒரு கையை மட்டும் மேலே தூக்கி, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி விரித்தார்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தெரியாதவர்கள் தெரு முழுக்க இருந்தார்கள். பெண்கள் கத்தினார்கள். ஒருவர் சோடா உடைத்தார். ஜகபர் அலி பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நெடுமாறன் வாத்தியார் பொறுப்பாக மைக்கைப் பிடித்து, "தங்கராசு அவர்கள் கவலைக்கிடம், தங்கராசு அவர்கள் கவலைக்கிடம்" என்று அறிவித்தார். கூம்பு ஸ்பீக்கர் அதைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோனது. பத்தே நிமிடத்தில், சந்தைக்கு வந்திருந்த தங்கராசுவின் தங்கை பனமலை அத்தை ஒப்பாரியைத் தொடங்கிக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தாள்.

"என் அண்ணன் போயிட்டானே! கடசியா போண்டா கேட்டானே, நான் வாங்கித் தரலியே!"

படுத்திருந்த தங்கராசு ஒரு கண்ணைத் திறந்து, "இப்ப வாங்கித் தாயேன்" என்றார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. செல்லம்மாள் சொன்னது போல ஜெஸிமா சிஸ்டர் ஓடித்தான் வந்தார். ஆனால் செருப்புப் போட்டிருந்தார். தோளில் ஒரு பை. கையில் ஒரு பை. பின்னால் செல்லம்மாள் தலையில் ஒரு அட்டைப்பெட்டி.

"தள்ளுங்க, காத்து வரட்டும்."

அரிகிருஷ்ணன் கைதட்டத் தயாரானான். "நைனா, எழுந்திரு! சிஸ்டர், சர்ப்ரைஸ்! இனிய செவிலியர்..."

சிஸ்டர் அவனைக் கவனிக்கவில்லை. தங்கராசுவின் நீட்டிய கையை ஒரு பிடி பிடித்தார். கூத்தில் லயித்திருந்த தங்கராசு முஷ்டியை மடக்க மறந்துவிட்டார். சுருக்.

"அம்மாடி!"

மயக்கத்தில் இருந்தவர் உட்கார்ந்துவிட்டார். பனமலை அத்தை ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பொழைச்சிட்டான்!" என்று கூவினாள். கூட்டம் கைதட்டியது.

"சிஸ்டர், நான் நடிச்சேன்! எனக்கு ஒண்ணும் இல்ல!"

சிஸ்டர் கையிலிருந்த சின்ன மெஷினைப் பார்த்தார். பிறகு பிரஷர் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தார்.

"நீங்க நடிச்சீங்க அண்ணே. உங்க சக்கரை நடிக்கலியே. முந்நூத்தி நாப்பது. பிரஷர் நூத்தி எண்பது. இந்தப் புண்ணு ஆறாம இருந்ததுக்கு வேற காரணம் வேணுமா?"

அரிகிருஷ்ணன் மெஷினை எட்டிப் பார்த்தான். நான்கு மாதமாக அவன் பயந்த எண் அது.

"நைனா..."

"டேய், நீதான நடிக்கச் சொன்னே" என்றார் தங்கராசு, சின்னக் குரலில்.

"பயப்படாதீங்க. நாளைக்கு வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானே டாக்டர்கிட்ட கூட்டிப் போறேன். மாத்திரை போட்டா நல்லா இருப்பீங்க." சிஸ்டர் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி, அருகிலிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அது நாற்காலி இல்லை. சிங்க முகக் கைப்பிடி வைத்த சிவப்பு வெல்வெட் கல்யாண சோஃபா.

"சிஸ்டர், அது உங்களுக்கு!" என்று அலறினான் அரிகிருஷ்ணன்.

"நல்லா இருக்குது. கை வெச்சுக்க வசதியா இருக்குது. அடுத்தது யாரு?"

அடுத்தது யாரும் இல்லை. சுருக் சத்தம் கேட்ட ஆண்கள் பின்பக்கமாக நழுவத் தொடங்கியிருந்தார்கள். ஜகபர் அலி பந்தல் கம்பம் வரை போய்விட்டார்.

சிஸ்டர் நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். "ரெண்டாவது வரிசை, மூணாவது படம். கூலிங்கிளாஸ். ஜகபர் அண்ணே, எங்க போறீங்க?"

"இல்லம்மா, பாய்லர் கொதிக்குது..."

"கொதிக்கட்டும். என்ன வாழ்த்தி கை கூப்பி நிக்கிறீங்க. கைய நீட்ட மாட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. அவ்வளவு பெரிய படத்துக்குக் கீழே நின்றுகொண்டு எப்படி ஓடுவது? ஜகபர் அலி சோஃபாவில் உட்கார்ந்தார். பேனரில் இருந்த கூலிங்கிளாஸ் நேரில் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டார்.

"சிஸ்டர், வேணாம்!" அரிகிருஷ்ணன் குறுக்கே பாய்ந்தான். "இன்னிக்கி நீங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது. இது உங்க நாளு."

"என் நாள்தான? நான் சொல்றத செய். மார்க்கர் இருக்குதா?"

மார்க்கர் வந்தது. சிஸ்டர் ஸ்டூல் மேல் ஏறி, பேனரில் தங்கராசுவின் நெற்றியில் ஒரு டிக் போட்டு, சர்க்கரை கூடுதல் என்பதற்கு ஒரு வட்டமும் போட்டார். ஜகபர் அலியின் நெற்றியிலும் டிக்கோடு ஒரு வட்டம். இருநூற்று எண்பதாம். நாற்பது வருடமாக ஒவ்வொரு டீயையும் ருசி பார்த்துக் கொடுத்தவர்.

அரிகிருஷ்ணன் மைக்கைப் பிடுங்கினான். "அன்பான பொதுமக்களே! சிஸ்டர் ஓய்வு எடுக்கணும். யாரும் சக்கரை டெஸ்ட், பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லித் தொந்தரவு பண்ணாதீங்க!"

கூம்பு ஸ்பீக்கர் மறுபடியும் தன் கடமையைச் செய்தது. "ஏய், டெஸ்ட் பண்றாங்களாம்!" என்று பக்கத்துத் தெருவே கிளம்பி வந்தது. வரிசை தெருமுனை திரும்பி ரேஷன் கடை வரை நீண்டது.

விழாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஜிலேபித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினான். சிஸ்டர் பாதி வழியிலேயே மறித்தார்.

"இதையும் தின்னுட்டு டெஸ்டுக்கு வந்தா இன்னா காட்டும்? எடுத்து வை."

"அப்ப இந்த ஜிலேபிய யாருதான் சாப்புடுறது?"

"எனக்குப் பிரஷர் மட்டும்தான். சக்கரை சுத்தமா இல்ல. போன வாரம்தான் பாத்தாங்க" என்று நெடுமாறன் வாத்தியார் தட்டை வாங்கிக்கொண்டார். பேனரில் இருந்த முப்பத்தோரு பேரும் வரிசையில் நின்று பார்க்க, பேனரில் இல்லாத ஒரே மனிதர் ஒவ்வொரு ஜிலேபியாக, மிக நிதானமாகச் சாப்பிட்டார். பதினாலு பக்கமும் அவருக்கு மறந்தே போனது.

கடைசி முயற்சியாக அரிகிருஷ்ணன் பொன்னாடையை எடுத்துப் போர்த்தப் போனான். "அட, துணி கேட்டுட்டே இருந்தேன்" என்று சிஸ்டர் அதை வாங்கி, சோஃபாவின் கைப்பிடியில் நாலாக மடித்துப் போட்டார். "சிங்கத்துப் பல்லு எல்லார் கையையும் குத்துது."

பிறகு அவனையே பிடித்து உட்கார வைத்தார். சர்க்கரை நார்மல். பிரஷர் மட்டும் துள்ளியது.

"இந்த வயசுல இவ்ளோ டென்ஷன் ஆவாதப்பா. போன்ல நீ மூச்சு வாங்குறது எனக்கே கேக்கும்."

ஏழே முக்காலுக்கு முப்பத்தோராவது நெற்றியில் டிக் விழுந்தது. ஒன்பது முகங்களில் வட்டம். டிக் இல்லாத முகம் ஒன்றுதான். மாஸ்க் போட்ட முகம்.

சிஸ்டர் மார்க்கரை மூடினார். சுற்றிப் பார்த்தார். வரிசையில் இனி யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சோஃபாவில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். கால் மேல் கால் போட்டார். அரிகிருஷ்ணன் அவசரமாகப் போனை எடுத்தான். இந்த முறை மாஸ்க் இல்லை. படத்தில் சிஸ்டர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தங்கராசு மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன்டா. கூத்து இல்ல, நெசம்" என்றார். "சரி நைனா" என்றான் அரிகிருஷ்ணன். முதல்முறையாகக் கத்தாமலே.

பையை எடுத்துக்கொண்டு வரும்போது, செல்லம்மாள் பேனரை அவிழ்த்துப் பாய் மாதிரி பத்திரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கூரை மேல போடுறதுக்கா அத்த?"

"சிஸ்டரு கேட்டாங்க. ரெஜிஸ்டர்ல ஏத்தணுமாம்."

அரிகிருஷ்ணன் பெருமூச்சு விட்டான். "ஒரு சாயங்காலம் அவங்கள சும்மா உக்கார வைக்க முடியல. அடுத்த வருசமாவது ஒழுங்கா செய்யணும். முக்கியமா வாத்தியார் படத்தப் போடணும். பாவம், அவரு பேர மட்டும் லிஸ்ட்டுல எப்டி அத்த வுட்டே?"

செல்லம்மாள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவரு பேரு அதுல எப்டிடா வரும்? அவருதான் மாசாமாசம் ஒழுங்கா டெஸ்டுக்கு வராரே. அது சிஸ்டரு ரெண்டு வருசமா துரத்தியும் புடிக்க முடியாதவங்க லிஸ்ட்டு!"